அயர்லாந்தின் ‘நல்லவர்களுக்கு’ ஒரு கிண்ணம் பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே பக்கம், ஏழு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். போன ஏப்ரல் 30 இரவு, இந்த ஊர்க் கதைகளில் வரும், ஆங்கிலத்தில் ‘ஃபேரி’ எனப்படுபவர்களுக்காகச் சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணம் பால் வைத்தேன். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதுதான் வினை. சித்தி, சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று ஆளாளுக்கு அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டால், இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

ஃபேரி என்றால் தேவதைதானே? இறக்கை, மந்திரக்கோல் எல்லாம் இருக்குமே?

அந்த இறக்கையை மறந்துவிடுங்கள். அது நாடக மேடையிலும் விக்டோரியா காலத்து ஓவியங்களிலும் முளைத்தது. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் வரைந்து வெட்டிய சிறகுப் பெண்களைப் புல்லில் குத்தி வைத்துப் படம் எடுத்தார்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயிலே அதை நம்பிவிட்டார். அது பொய் என்று அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டது 1980-களில், பாட்டிகளான பிறகு.

ஐரிஷ் கிராமத்துக் கதைகளில் வருபவர்கள் வேறு மாதிரி. பெரும்பாலும் நம் உயரம்தான். அவர்களுக்கும் மாடு உண்டு, கல்யாணம் உண்டு, ஊர்ச்சண்டை உண்டு. ‘ஃபேரி’ என்ற சொல்லைப் பெரியவர்கள் வாயில் வரவிடமாட்டார்கள். ஐரிஷ் மொழியில் ‘தீனா மாஹா’ என்பார்கள், ‘நல்லவர்கள்’ என்று பொருள். ஆங்கிலத்தில் பேசினாலும் ‘அந்த நல்ல மனுஷர்கள்’ அல்லது வெறுமனே ‘அவங்க’. நல்லவர்கள் என்பதால் வந்த பேர் இல்லை. நாம் நல்ல பாம்பை ஏன் ‘நல்ல’ பாம்பு என்கிறோமோ, அம்மை போட்டால் ஏன் ‘அம்மா வந்திருக்கா’ என்கிறோமோ, அதே காரணம்தான். தேவதை என்ற சொல் இங்கே ஆளைத் திசை திருப்பிவிடும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ‘நல்லவர்கள்’ என்றே எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறார்களாம்?

மண்மேடுகளுக்குள். பழைய கதைப்படி, துவாதா டே டேனன் என்ற குலத்தார், அதாவது பழைய தெய்வங்கள், புதிதாக வந்தவர்களிடம் போரில் தோற்றார்கள். நிலத்தின் மேல்பாதி ஜெயித்தவர்களுக்கு, கீழ்ப்பாதி இவர்களுக்கு என்று பாகம் பிரிந்ததாம். பங்காளி வழக்கு மாதிரிதான்.

நாடு முழுக்க வயல்களுக்கு நடுவே வட்டமான மண்கரைகள் இருக்கின்றன. லிஸ், ராத் என்று பெயர். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் விவசாயக் குடும்பங்கள் வீடும் தொழுவமும் கட்டிச் சுற்றி எழுப்பிய கரை என்று தொல்லியல்காரர்கள் சொல்வார்கள். பதிவானவை மட்டும் 40,000-க்கு மேல். இவ்வளவு எப்படித் தப்பின? ‘அவங்க’ மேலிருந்த பயத்தில் தலைமுறை தலைமுறையாக யாரும் அங்கே ஏர் ஓட்டவில்லை. இப்போது சட்டமும் காக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அந்தப் பயம் வேலையைச் செய்துவிட்டது.

வயலில் தனியாக நிற்கும் ஹாதோர்ன் முள்மரமும் அவர்களுடையதுதான். 1999-இல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புறவழிச்சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டப் போனார்கள். மன்ஸ்டர் மாகாணத்து நல்லவர்கள் கன்னாட் மாகாணத்து நல்லவர்களோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் விபத்து நடக்கும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. கடைசியில் மரத்தை விட்டுவைத்துச் சாலை போட்டார்கள்.

இந்தப் படையலால் என்ன வரம் கிடைக்கும்?

ஒன்றும் கிடைக்காது. இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

இணையத்தில் தேடினால் ‘பணம் வர ஃபேரி பூஜை’, ‘மனசுக்குப் பிடித்தவர் கிடைக்க ஃபேரி மெழுகுவர்த்தி’ என்று வரும். எல்லாம் நேற்று முளைத்தவை. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் 26 மாவட்டங்களில் சுமார் 5,000 பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளைக் கொண்டு, தாத்தா பாட்டிகளிடம் கேட்டு ஊர் வழக்கங்களை எழுத வைத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகங்களை இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரவில் நான் அதில் விழுந்தால் எழுந்திருக்க மணி ஒன்றாகிவிடும். அதில் திரும்பத் திரும்ப வருவது வேண்டுதல் இல்லை, பங்கு கொடுப்பது. பசு கன்று ஈன்றால் சீம்பாலில் கொஞ்சம் தரையில் ஊற்றுவார்கள். பொச்சீன் என்ற நாட்டுச் சாராயம் காய்ச்சினால் முதல் சொட்டு அவர்களுக்கு. பால் கறக்கும்போது முதல் பீச்சு மண்ணுக்கு.

ஒரே நிலத்தில் இரண்டு குடும்பம் வாழ்கிறது, ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, இன்னொன்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவது போல ஒரு மரியாதை இது, கூடவே கொஞ்சம் பயம். அவர்கள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் அதுவே போதும். ஆசைப்பட்டு எதையாவது வாங்கினவன் கதையும் உண்டு: இரவில் வாங்கின தங்கம் காலையில் பார்த்தால் காய்ந்த இலை.

எந்த நாளில் செய்வது?

வருடத்தில் இரண்டு இரவுகள் முக்கியம். ஏப்ரல் 30, மே மாதம் பிறப்பதற்கு முந்தின இரவு. மே தொடக்கத்துக்கு ஐரிஷ் பெயர் பியல்டனா. அப்புறம் அக்டோபர் 31, சௌவின். (தமிழில் எழுதினால் ‘சாவு’ மாதிரி கேட்கிறது. தற்செயல்தான், ஆனால் செத்தவர்கள் வீடு திரும்பும் இரவு என்றும் அதைச் சொல்வதால் பொருத்தமாகவே இருக்கிறது.) மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டும் காலம் ஒன்று, திரும்பக் கொட்டிலுக்குக் கொண்டுவரும் காலம் மற்றொன்று. அவர்களும் அந்த இரவுகளில்தான் வீடு மாறுவார்களாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 30 அன்று கால்வேயில் சூரியன் மறையவே இரவு ஒன்பது ஆகும். சௌவின் அன்று ஐந்து மணி வாக்கிலேயே மறைந்துவிடும். இருட்டிய பிறகு வைத்தால் போதும். முகூர்த்தம், ராகுகாலம் எதுவும் இல்லை.

சரி, எப்படி வைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். அவர் தன் பாட்டி செய்ததைச் சொன்னார். நான் அதையே என் வீட்டுக்கு ஏற்றபடி செய்கிறேன்.

முதல் வேலை பெருக்குவது. படையலை விட இதுதான் பெரிது. அந்தக் காலத்தில் அடுப்பங்கரையைக் கூட்டி, தணலைச் சாம்பலால் மூடி, அடுப்பைச் சுற்றி முக்காலிகளைப் போட்டு, ஒரு பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் வைத்துவிட்டுப் படுப்பார்களாம். இரவில் வருகிறவர்கள் உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், குளிர்காயக் கொஞ்சம் சூடு. குழந்தையைக் குளிப்பாட்டவும் அவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும் என்று அவருடைய பாட்டி சொல்வாராம். எனக்குக் கணப்பு இல்லை, மின் அடுப்புதான். அதைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். என் கணவர் முதல் வருடம் சிரித்தார். இப்போது நாற்காலியை அவரே போடுகிறார்.

அடுத்தது அழுக்குத் தண்ணீர். கால் கழுவின தண்ணீரை இரவில் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது பழைய விதி. அதுவே எழுந்து அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுமாம். வெளியே கொட்டும்போதும் சும்மா கொட்டக் கூடாது, ‘தண்ணி வருது, தள்ளிக்கோங்க’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கொட்டணும். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதே. எனக்கு இந்த வழக்கத்தில் பிடித்ததே இதுதான். இன்றைக்கு பாத்திரம் கழுவின தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றினால்கூட வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

பிறகு பால். ஒரு சிறிய பீங்கான் கிண்ணத்தில், காய்ச்சாத முழுப் பால், நாலைந்து ஸ்பூன் போதும். வீட்டில் யாரும் குடிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தைக் கொடுப்பது அவமரியாதை. பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி, மேலே உப்பில்லாத வெண்ணெய். ஜன்னல் திட்டு அல்லது பின்வாசல் படி, இரண்டில் எது வசதியோ அங்கே வையுங்கள். மே இரவென்றால் வாசற்படியில் மஞ்சள் பூ தூவுவதும் உண்டு. பிரிம்ரோஸ் அல்லது சதுப்பில் பூக்கும் மேரிகோல்ட். ஆனால் பூ வரவேற்க இல்லை. அது எல்லைக்கோடு, ‘இதுக்கு மேல உள்ளே வராதீங்க’ என்று அர்த்தம். படியில் பால், உள்ளே வராதபடிக்குப் பூ. இரண்டையும் ஒரே இரவில் செய்கிற மனசுதான் இந்த மொத்த வழக்கமும்.

வைத்த பிறகு நின்று பார்க்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.

மந்திரம் ஏதாவது?

இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒன்றுமே சொல்வதில்லை. நான் ‘இது உங்களுக்கு’ என்று தமிழில் சொல்லிவிட்டு வருகிறேன். எனக்கு வராத ஐரிஷ் மொழியில் தப்பும் தவறுமாகச் சொல்வதை விட அது மேல்.

உப்பு ஏன் கூடாது?

உப்பும் இரும்பும் அவர்களுக்கு ஆகாது. தொட்டிலுக்குக் குறுக்கே அடுப்பு இடுக்கியைப் போட்டு வைப்பார்கள், குழந்தையைத் தூக்கிப் போகாமல் இருக்க. ஆகவே படையலுக்கு எவர்சில்வர் வேண்டாம், அதிலும் இரும்புதான் இருக்கிறது. மண், மரம், பீங்கான் நல்லது. அயர்லாந்துக் கடைகளில் சாதாரண வெண்ணெய் பெரும்பாலும் உப்பு போட்டது. பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். முதல் வருடம் நான் பார்க்கவில்லை.

காலையில் அதைப் பிரசாதமாகச் சாப்பிடலாமா?

கூடாது. நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். சாமிக்குப் படைத்தால் அது பிரசாதமாகி, முன்பை விட மதிப்புக் கூடித் திரும்புகிறது. இங்கே தலைகீழ். அவர்கள் உணவின் சத்தை எடுத்துக்கொண்டு சக்கையை விட்டுப் போகிறார்கள் என்று நம்பிக்கை. ஸ்காட்லாந்து மலைநாட்டில் அந்தச் சத்துக்கு ‘தொரா’ என்று பெயரே உண்டு. பார்வைக்குப் பால் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. நூறு வருடத்துக்கு முன் எடுத்த பதிவுகளில், இப்படி இரவு வெளியே வைத்ததை மனிதருக்கும் கொடுக்கமாட்டோம், பன்றிக்கும் போடமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், இரவு முழுக்க வெளியே கிடந்த பாலை வேறு காரணத்துக்காகவும் குடிக்க வேண்டாம். செடி வேரில் ஊற்றிவிடுங்கள். இன்னொன்று: அவர்கள் கொடுப்பதாகக் கதைகளில் வரும் சாப்பாட்டை எவன் தொட்டானோ அவன் வீடு திரும்பமாட்டான்.

தேன், சாக்லேட், திராட்சை, மினுக்குத் தூள் வைக்கலாமா?

தேனை வெளியே வைக்காதீர்கள். கடைத்தேனில் தேனீப் புழுக்களை அழுகவைக்கும் நோயின் கிருமி இருக்கலாம், அதைத் தின்ற தேனீ தன் கூட்டுக்குக் கொண்டுபோய்விடும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம். ஐரோப்பிய முள்ளெலிக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து செத்தும் போகும். அதனால் என் கிண்ணம் தரையில் இல்லாமல் ஜன்னல் திட்டில் இருக்கிறது. மினுக்குத் தூள் வெறும் பிளாஸ்டிக். கடையில் விற்கும் ‘ஃபேரி படையல் பெட்டி’யில் கல், வாசனை எண்ணெய், மினுக்கு என்று என்னென்னவோ இருக்கும். எந்தப் பாட்டியும் அதைப் பார்த்ததில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

முள்மரத்தில் ரிப்பன் கட்டுவதைப் படத்தில் பார்த்தேனே?

அது பெரும்பாலும் புனிதக் கிணறுகளின் பக்கத்து மரம். நோய் தீரத் துணி கட்டுவது, நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது போல. அந்தத் துணி மக்கிப்போக வேண்டும், அதோடு நோயும் போகும் என்பதுதான் கணக்கு. நைலான் ரிப்பன் மக்காது, கிளையை இறுக்கும். நல்லவர்களின் தனி முள்மரமென்றால் ஒன்றும் கட்டாமல், ஒரு குச்சியும் ஒடிக்காமல் விடுவதுதான் மரியாதை.

அதன் பூவை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, சாவு வரும் என்பார்கள். இதற்கு ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. ஹாதோர்ன் பூவில் உள்ள டிரைமெத்திலமைன் என்ற பொருள், உடல் அழுகும்போதும் உண்டாகிறது. பிணத்தை வீட்டில் கிடத்தி வைத்த காலத்து மூக்குக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும்.

சென்னையில் ஃபிளாட்டில் இருக்கிறேன். இங்கே செய்தால் வருவார்களா?

இவர்கள் இடத்தோடு கட்டுப்பட்டவர்கள். அந்த மேடு, அந்த மரம், அந்த வயல். மாம்பலத்து மூன்றாவது மாடிக்கு அவர்களுக்கு என்ன வேலை? அங்கே பாலும் ரொட்டியும் வைத்தால் முதலில் வருவது எறும்புதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐரிஷ்காரர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் குடியேறியபோது இந்தப் பயமும் கப்பல் ஏறியது. அங்கே காட்டில் பெர்ரி பழம் பறிக்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள், வழிதவறச் செய்யும் நல்லவர்களிடமிருந்து தப்பிக்க. ஆக, நம்புகிற ஜனங்கள் மொத்தமாகக் குடிபெயர்ந்தால் அவர்களும் கூட வருவார்கள் போலிருக்கிறது. படம் பார்த்து ஆசைப்படுகிற ஒருவருக்காக வருவார்களா என்றால், எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஊரில் உங்கள் நிலத்துக்கென்று ஆள் இருப்பார்கள், பாட்டியைக் கேளுங்கள்.

ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாதாமே?

அயர்லாந்தில் இது தினப்படி பூஜை இல்லை, நாள் கிழமைக்குச் செய்வது. விட்டுப்போனால் குற்றம் என்று நான் கேட்டதில்லை. நார்வேயில்தான் கொஞ்சம் கறார். அங்கே நிஸ்ஸே என்ற தொழுவத்துக் காவலாளுக்குக் கிறிஸ்துமஸ் முந்தின இரவு மேலே வெண்ணெய் வைத்த கஞ்சி தர வேண்டும். ஒரு வீட்டில் குறும்புக்காக வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் ஒளித்துவைத்தார்களாம். மேலே வெண்ணெயைக் காணோம் என்று கோபத்தில் அவன் வீட்டின் நல்ல பசுவைக் கொன்றுவிட்டான். திரும்பி வந்து கஞ்சியைத் தின்றால் அடியில் வெண்ணெய்! வெட்கப்பட்டுப் போய், பக்கத்துப் பண்ணையிலிருந்து அதே மாதிரி ஒரு பசுவைத் திருடிக் கொண்டுவந்து கட்டினானாம்.

ஸ்காட்லாந்தின் பிரௌனி வேறு ரகம். இரவில் வீட்டுவேலை செய்வான். பாலாடை வைத்தால் இருப்பான், புதுத் துணி கொடுத்தால் கோபித்துக்கொண்டு போயே விடுவான். அங்கே ஹெப்ரிடிஸ் தீவுகளில் ஒன்றான வாலேயில் ஒரு தட்டைக் கல்லின் மேல் அவனுக்காக ஞாயிறுதோறும் முன்னோர்கள் பசும்பால் ஊற்றியதாக 1703-இல் வெளியான பயண நூலில் மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் எழுதியிருக்கிறார்.

கிறிஸ்தவர்கள் செய்யலாமா? நம் சாமிக்குக் கோபம் வராதா?

பால் வைத்த அந்தப் பாட்டிகள் எல்லாம் ஜெபமாலையோடு தூங்கிய கத்தோலிக்கர்கள். நல்லவர்கள் யார் என்பதற்கு அவர்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது. சொர்க்கத்தில் கலகம் நடந்தபோது எந்தப் பக்கமும் சேராமல் நின்ற தூதர்கள் இவர்கள். நரகத்துக்குப் போகும் அளவுக்குக் கெட்டவர்கள் இல்லை, சொர்க்கத்தில் இருக்கும் அளவுக்கு நல்லவர்களும் இல்லை. விழுந்த இடத்தில், நிலத்திலும் நீரிலும் காற்றிலும், அப்படியே தங்கிவிட்டார்கள்.

அப்படியும் மனசு ஒப்பவில்லையா, ஜனவரி 31 இரவு புனித பிரிஜிட்டுக்கு ஜன்னலில் ரொட்டியும் வெண்ணெயும் வையுங்கள். வெளியே ஒரு துணியைக் காயப்போட்டால் அவர் அதைத் தொட்டு ஆசீர்வதித்துப் போவார், தலைவலிக்குக் கட்டிக்கொள்ளலாம் என்பார்கள்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை, இப்படி ஏதாவது தோஷமாக இருக்குமோ?

டாக்டரிடம் போங்கள். இந்தக் கேள்விக்கு நான் விளையாட்டாகப் பதில் சொல்லமாட்டேன். நல்லவர்கள் ஆளைக் கடத்திக்கொண்டு, அதே முகத்தில் ஒரு போலியை விட்டுப்போவார்கள் என்ற நம்பிக்கை இங்கே இருந்தது. 1895 மார்ச்சில் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜிட் கிளியரி என்ற தையல்காரப் பெண் காய்ச்சலில் படுத்தார். இருபத்தைந்தை ஒட்டிய வயது. ‘இது என் மனைவி இல்லை’ என்று சொல்லிக் கணவர் மைக்கேல் கிளியரி, உறவினர்கள் பார்த்திருக்க, அவரைக் கொடுமைப்படுத்தி எரித்தார். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மண்மேட்டருகே காத்தும் இருந்தார். கொலைக்குற்றம் குறைக்கப்பட்டு 20 வருடத் தண்டனை கிடைத்தது, 15 வருடம் உள்ளே இருந்தார். ஜன்னலில் பால் வைப்பதும் இதுவும் ஒரே நம்பிக்கையின் இரண்டு முனைகள். நோய்க்கு இவர்கள்தான் காரணம் என்று சொல்லிக் காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா?

இங்கே பழைய பதில் ஒன்று உண்டு: ‘நான் நம்பறதில்லை, ஆனா அவங்க இருக்காங்க.’ எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. லிஸ் ஓரமாக நடக்கும்போது சத்தம் போட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பாலை வேறு ஏதாவது குடித்துவிட்டால்?

போன மே இரவு அதுதான் நடந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவள் பார்த்தேன், திட்டில் ஒரு பூனை நக்கிக்கொண்டிருந்தது. காலையில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் படையல் வீணாகிவிட்டதே என்று புலம்பினேன். என்ன நிறம் என்று கேட்டார். ஸ்காட்லாந்துக் கதைகளில் நல்லவர்களின் பூனை கறுப்பாக, நெஞ்சில் வெள்ளைப் புள்ளியோடு வரும். செம்மஞ்சள் என்றேன். ‘அப்படின்னா அது பூனைதான்’ என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.